தாணம்மாள் வைத்த உப்பில்லாக் கறி

உப்பு போடுகிறாய் என்று டாக்டர் திட்டினார். உப்பே போடாமல் கொல்லுகிறாய் என்று மாமியார் திட்டினாள். ஒரே அடுப்பு, ஒரே சட்டி, சமைக்கிறவளும் ஒருத்திதான். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும் என்று கேட்கப் படித்தவரிலும் ஆள் இல்லை, படிக்காதவரிலும் ஆள் இல்லை. தாணம்மாள் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் பொன்னுலிங்கம் தோவாளைச் சந்தையில் பூ வியாபாரி. பிச்சியும் அரளியும் மொத்தமாக எடுத்துத் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவன். இருபத்திரண்டு வயதில் சர்க்கரை வியாதி வந்து எலும்பும் தோலுமாகப் போனவனை இன்சுலின் ஊசிதான் மனிதனாகத் திருப்பிக் கொண்டுவந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஊசி இல்லையென்றால் ஆள் இல்லை. அத்தை மகன் என்பதால் இந்த விவரமெல்லாம் தெரிந்தேதான் தாணம்மாளைக் கட்டிவைத்தார்கள். அவளுக்கும் அதில் மனக்குறை கிடையாது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் நின்று ஊசி போடக் கற்றுக்கொண்டாள். கண்ணாடிக் குழலைத் தனிச் சட்டியில் கொதிக்கவைப்பது, மருந்துக் குப்பியை ஈரமணல் போட்ட கலயத்துக்குள் குளிர்ச்சியாக வைத்திருப்பது, அவன் மூத்திரத்தை நீல மருந்தோடு கலந்து சூடாக்கி நிறம் பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நிறம் நீலமாகவே நின்றால் அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு தெளிச்சம் இருக்கும். செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டால் அவன் எங்கே எதைத் தின்றான் என்று கேட்கமாட்டாள். தன் கைதான் பிசகிவிட்டது என்று நாள் முழுக்கத் தன்னையே நொந்துகொள்வாள். அப்படி ஒரு பைத்தியக்காரி.

அந்த வருஷம் கோடையில் அவனுக்குத் தலைவலி வந்தது. பிடரியில் தொடங்கி நெற்றிக்கு ஏறுகிற வலி. காலில் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தாணம்மாள் பயந்துபோய் நாகர்கோவிலுக்கு பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் ஞானதாசன் நல்ல கைராசிக்காரர் என்று பேர். பேச்சுதான் கொஞ்சம் காரம். கையில் பட்டையைச் சுற்றி, பம்பை அழுத்தி, பாதரசம் ஏறுவதைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்த்தார்கள். மோர் திரிந்த மாதிரி கலங்கிப்போய் இருந்தது.

"இஞ்ச பாரும்மா, இத்தனை வருஷமாச் சர்க்கரை ரத்தத்துல ஓடி இவரு சிறுநீரகத்தை அரிச்சுப்போட்டுது. அது கெட்டா ரத்தக் கொதிப்பு ஏறும். கொதிப்பு ஏறுனா சிறுநீரகம் இன்னும் கெடும், கண்ணும் போவும். சர்க்கரையை உன் ஊசி பாத்துக்கிடும். கொதிப்புக்கு அப்பிடி ஊசி ஒண்ணும் கெடையாது. மூலிகை வேருல செஞ்ச மாத்திரை தாறேன். அது பாதி. மிச்சப் பாதி உன் கையிலயாக்கும். உப்பு! சோத்துல, கறியில, மோர்ல, எதுலயும் ஒரு கல்லு உப்பு விழப்பிடாது. கருவாடு, ஊறுகாய், பப்படம், ஒண்ணும் கண்ணுல காணப்பிடாது. உப்பு உள்ள போச்சுன்னா நீ புருஷனுக்கு வெஷம் வைக்கன்னு அர்த்தம். கேட்டியா?"

கேட்டாள். தலையை ஆட்டினாள். பொன்னுலிங்கம் அப்போது சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தான். கவனித்தீர்களா? வியாதி அவனுக்கு. நாக்கு அவனுடையது. உத்தரவு மட்டும் அவளுக்கு. வெஷம் வைக்கிறவள் என்ற பட்டமும் முன்கூட்டியே அவளுக்கு. அவனைப் பார்த்து, "ஓய், நீரு வாயைக் கட்டும்" என்று ஒரு வார்த்தை அந்த டாக்டர் சொல்லவில்லை.

மறுநாள் தாணம்மாள் புளிக்கறியும் தேங்காய் போட்ட கீரைத் துவரனும் உப்பில்லாமல் வைத்தாள். பொன்னுலிங்கம் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். பிறகு ஒன்றும் பேசாமல் தின்றான். அவனுடைய இலையிலிருந்து ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்த இசக்கியம்மாள், அவனைப் பெற்றவள், மாரில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கும் காரணம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் குடும்பத்து வழக்கத்தில் உப்பில்லாமல் சமைப்பது செத்தவருக்குத்தான். பதினாறாம் நாள் படைப்புக்கும் தெவசத்துக்கும் வைக்கிற கறியில்தான் உப்பு போடமாட்டார்கள். அந்தச் சமையல் நடக்கும்போது உப்பு போட்டு வைக்கிற மரவையைக்கூட அடுக்களையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். இசக்கியம்மாள் தன் புருஷனுக்கு அப்படி வைத்தவள். இப்போது உயிரோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு முன்னால் அதே கறி.

"ஏட்டி, என்னட்டி செஞ்சு வச்சிருக்க? எம் பிள்ளை உசுரோட இருக்கான்டி! இருக்கவனுக்குப் படைப்புக் கறியாட்டி போடுக?"

"டாக்டர் சொன்னதாக்கும் அத்தை. உப்பு இவியளுக்கு ஆகாது."

"எந்த டாக்டர்? அவன் சர்ச்சுக்குப் போற வேதக்காரன். அவனுக்கு நம்ம மொறை என்னட்டி தெரியும்?"

இசக்கியம்மாள் மருமகள் கண் மறைந்த நேரம் பார்த்துக் கறிச்சட்டியில் ஒரு கை உப்பை அள்ளிப் போடப் போனாள். தாணம்மாள் பார்த்துவிட்டாள். அன்றைக்கே உப்பு மரவையை எடுத்துத் தன் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். மாமியாருக்கு மட்டும் சாப்பிடும்போது இலை ஓரத்தில் எடுத்து வைப்பாள். தனக்கு வைத்துக்கொள்ளமாட்டாள். புருஷன் தின்கிறதைத்தான் தானும் தின்பாள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. உப்பைப் பூட்டி வைத்திருக்கிற கதை மட்டும் பூக்கட்டுகிற பெண்கள் வாய் வழியாகத் தெரு முழுக்கப் போய்விட்டது.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பாதரசம் இறங்கியிருக்க வேண்டும். தாணம்மாள் அந்தக் கண்ணாடிக் குழாயைக் கும்பிடுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது முன்னைவிட மேலே போய் நின்றது.

"நீ உப்பு போடுக, அதாக்கும் ஏறியிருக்கு" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டரே, சத்தியமா இல்ல."

"பொய் சொல்லாத. இந்தக் குழாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியும்." அவர் பொன்னுலிங்கத்தைப் பார்த்து, "ஏம்வே, உப்பு தாறாளா?" என்று கேட்டார்.

பொன்னுலிங்கம் தலையைக் குனிந்தான். "போடுகதைத் தின்னுகேன் டாக்டரே" என்றான்.

போடுகிறதைத் தின்கிறானாம். என்ன பதில் இது? ஆம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். டாக்டர் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டார். வெளியே வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி தாணம்மாளை வெளுத்து வாங்கினார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் அழுதுகொண்டே வந்தாள். அவன் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எங்கே போகிறது உப்பு? மாமியார் போடுகிறாளா என்று அடுக்களையை விட்டு நகராமல் காவல் இருந்தாள். மோரை மோந்து பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறதா என்று வாய் வைத்துப் பார்த்தாள். கடைசியில் புளிப்பானை ஞாபகம் வந்தது. வருஷப் புளியை உப்புப் போட்டுத்தானே அடைத்து வைப்பார்கள்! ஐயோ, இந்தக் கையால்தானே அந்தப் புளியைக் கரைத்து ஊற்றினேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பானையோடு தூக்கி அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு, உப்புத் தொடாத புதுப்புளி தேடித் தெருத்தெருவாக அலைந்தாள். கண்டுபிடித்துவிட்டோம், இனிமேல் குழாய் இறங்கும் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். பாவி மட்டை!

இசக்கியம்மாள் சும்மா இருப்பாளா? அண்ணனுக்கு ஆள் விட்டாள். அண்ணன் நாராயணபெருமாள் பொன்னுலிங்கத்துக்குத் தாய்மாமன். தாணம்மாளுக்குச் சொந்தப் பெரியப்பா. அவளுடைய அப்பா போன பிறகு அவளைத் தாரை வார்த்துக் கொடுத்தவரே அவர்தான். அவராவது கேட்பார் என்று தாணம்மாள் நினைத்தாள். அவர் தன்னோடு இன்னும் நாலு சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்தார். தாணம்மாளை நடுவில் நிறுத்தினார்கள்.

"என்னம்மா, உப்பைப் பெட்டியில வச்சுப் பூட்டுனியாமே? நம்ம குடும்பத்துல எவளாவது உப்பைப் பூட்டுவாளா?"

"பெரியப்பா, டாக்டர் சொன்னது..."

"டாக்டர் ஆயிரம் சொல்லுவான். உசுரோட இருக்கவனுக்கு உப்பில்லாம போட்டா அவன் ஆயுசு என்னத்துக்கு ஆவும்? ஊசி வேற நீயே குத்துக. பெத்துப்போடவும் துப்பில்ல, ஆக்கிப்போடவும் துப்பில்ல."

பெத்துப்போடுகிற பேச்சு எதற்கு இப்போது? ஆனால் வந்துவிடும். பெண்பிள்ளையை நடுவில் நிறுத்திவிட்டால் அந்தப் பேச்சு எங்கிருந்தாவது வந்துவிடும். தாணம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ரத்தக் கொதிப்பு என்றால் என்ன, சிறுநீரகம் என்றால் என்ன என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். கண் போய்விடும் என்றாள். உயிர் போய்விடும் என்றாள். யார் காதிலும் ஏறவில்லை. நாராயணபெருமாள் மருமகனைப் பார்த்தார்.

"நீ சொல்லு மக்கா. வாய்க்கு ருசியா ஏதாவது தாறாளா?"

பொன்னுலிங்கம் தலையைக் குனிந்தான். "போடுகதைத் தின்னுகேன் மாமா" என்றான்.

"அச்சோ, பிள்ளைக்க தொயரத்தைப் பாத்தியளா!" என்று இசக்கியம்மாள் குரலெடுத்து அழுதாள். டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தை, அதே குனிந்த தலை. அங்கே உப்பு போட்டவள் ஆனாள். இங்கே உப்பு போடாதவள் ஆனாள். தாணம்மாளுக்கு அப்போதுகூட அவன் மேல் சந்தேகம் வரவில்லை. நோக்காட்டில் கிடக்கிற மனுஷன், பேச வலுவில்லை என்றுதான் நினைத்தாள்.

ஆடியில் ஒரு காலை. அவனுக்கு ஊசி போட்டுவிட்டு, ஆறின கஞ்சியை எடுத்து வைக்கத் திரும்பினாள். ஆளைக் காணோம். சந்தையில் பூ வந்து குவிந்திருக்கிறது, பிறகு தின்றுகொள்கிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். இன்சுலின் உள்ளே போன பிறகு வயிறு காய்ந்தால் ஆள் வேர்த்து, கை உதறி, நினைவு தப்பி விழுந்துவிடுவான். ஒருமுறை அப்படி விழுந்தவனைச் சீனித்தண்ணீர் புகட்டி எழுப்பியவளும் அவள்தான். கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு ஓடினாள். சேலைத் தலைப்பு ஒரு பக்கம், தலைமுடி ஒரு பக்கம். சந்தைக்குள் பூக்கூடைகளுக்கு இடையில் முட்டி மோதி, "இவியளைக் கண்டியளா, இவியளைக் கண்டியளா" என்று கேட்டுக்கொண்டே போனாள். ஒருவர் சுயம்புலிங்கத்தின் டீக்கடையைக் கை காட்டினார்.

டீக்கடையில் பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. திருவிதாங்கூரை விட்டுப் பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும், உயிரைக் கொடுத்தாவது சேர வேண்டும் என்று பெஞ்சில் இருந்தவர்கள் மேசையைக் குத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் பொன்னுலிங்கம் உட்கார்ந்திருந்தான். முன்னால் அவித்த மரச்சீனிக் கிழங்கு. நெத்திலிக் கருவாட்டுக் கறி. பக்கத்தில் உப்பிலே ஊறின மாங்காய்.

"இன்னும் கொஞ்சம் கறி விடட்டா ஓய்?" என்று சுயம்புலிங்கம் கரண்டியோடு நின்றார். "வீட்டில உமக்கு என்னத்தைக் கெடைக்கப் போவுது?"

"வீட்டிலயா?" பொன்னுலிங்கம் விரலை நக்கிக்கொண்டே சிரித்தான். "வீட்டில எனக்கு நித்தம் தெவசமாக்கும். எனக்க படைப்பை நானே இருந்து தின்னுகேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் தமிழ்நாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

தாணம்மாள் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் அவளுக்கு வந்தது கோபம் இல்லை. ஆள் விழவில்லை, வயிற்றில் ஏதோ போயிருக்கிறது என்ற நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதி வந்ததை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புதுப்புளி தேடித் தெருத்தெருவாக அலைந்தது ஞாபகம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் முன்னால் டாக்டர் வைதது ஞாபகம் வந்தது. முற்றத்தில் நடுவில் நின்றதும் பெரியப்பா வாயிலிருந்து விழுந்ததும் ஞாபகம் வந்தது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கிழங்கோடு போன கை வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அவள் தூக்குச்சட்டியோடு திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் பூட்டிய அறைக்குள் பொன்னுலிங்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவன் நாக்கு செத்துப்போயிற்றாம். நாலு வாய் ருசியாகத் தின்னாவிட்டால் மனசு கிடந்து தவித்து வெப்புராளமாக வருகிறதாம். ஆரம்பத்தில் ஒரு நாள்தான் தின்றானாம். பிறகு விட முடியவில்லையாம்.

"இனி தொடமாட்டேன் தாணம்மா. சுசீந்திரம் தாணுமாலயன் மேல சத்தியம். அம்மைகிட்ட மட்டும் சொல்லிப்போடாத. மாமா காதுக்குப் போனா எனக்க மானம் போயிரும்."

"உங்க மானம்! எனக்க மானத்தை மிதிச்சுத் தொவைச்சாவளே, அப்ப நீங்க எங்க போனிய? பக்கத்துலதான இருந்திய?"

"என்ன செய்யச் சொல்லுக?"

"சாமி சத்தியம் எனக்கு வேண்டாம் அத்தான். நீங்க கருவாடு தின்னதுகூட எனக்குப் பெருசில்ல. நாக்கு எல்லாருக்கும் உள்ளதுதான். நான் திட்டு வாங்கும்போ வாயைத் தொறக்காம இருந்தியளே, அதாக்கும் எனக்கு ஆறல்ல. அடுத்தவாட்டி டாக்டர் கேக்கும்போ உங்க வாயால சொல்லணும். நான் சொல்லமாட்டேன். நீங்களாக்கும் சொல்லணும்."

"சொல்லுகேன்" என்றான். ரொம்ப நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

அடுத்த தடவை இசக்கியம்மாளும் நாராயணபெருமாளும் கூடவே வருவோம் என்று கிளம்பிவிட்டார்கள். மருமகள் செய்கிற அக்கிரமத்தை டாக்டரிடமே சொல்லி நியாயம் கேட்கப் போகிறார்களாம். வரட்டும், எல்லாருக்கும் முன்னாலேயே தெரியட்டும் என்று தாணம்மாள் சரி என்றாள்.

டாக்டர் பட்டையைச் சுற்றினார். பாதரசம் இருநூறைத் தாண்டிப் போய் நின்றது. அவர் நம்பாமல் இன்னொரு தடவை அழுத்தினார். அதே இடம். சின்ன விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

"கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சு கெடக்கு. இப்பிடியே போனா இன்னும் கொஞ்ச நாள்ல கண்ணு தெரியாது. பெறவு சிறுநீரகம். பெறவு..." அவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தாணம்மாளைப் பார்த்துத் திரும்பினார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கமாட்ட இல்லியா? உப்பை அள்ளிக் கொட்டிப் புருஷனைக் கொல்லப் பாக்க!"

"உப்பா?" என்று குறுக்கே விழுந்தாள் இசக்கியம்மாள். "நல்லாச் சொன்னிய டாக்டரே! உப்பில்லாமல்லா போட்டுக் கொல்லுகா! உப்பைப் பெட்டியில வச்சுப் பூட்டிருக்கா இந்தச் சவம்!"

"உள்ளதாக்கும் டாக்டரே" என்றார் நாராயணபெருமாள். "கூட்டம் கூட்டிக் கேட்டாச்சு. உப்பு போடமாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கா."

டாக்டர் குழம்பிப்போய் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நில்லுங்க, நில்லுங்க. இவ உப்பு போடுகாளா, போடலியா?"

தாணம்மாள் புருஷனைப் பார்த்தாள். இதுதான் நேரம். இதைவிட நல்ல நேரம் எந்த மனுஷனுக்கு வாய்க்கும்? ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொன்னுலிங்கம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். தன் வீங்கின காலைப் பார்த்தான். தலையைக் குனிந்தான்.

"போடுகதை..." என்று தொடங்கினான்.

"வாயை மூடுங்க!"

தாணம்மாளுடைய குரல் அப்படி வந்ததை அந்த அறையில் இருந்த யாரும் அதுவரை கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"போடுகதைத் தின்னுகேன், போடுகதைத் தின்னுகேன்! சுயம்புலிங்கம் கடையில நெத்திலிக் கருவாட்டுக் கறி போட்டது நானா? மாங்காயை உப்பில ஊறப்போட்டுத் தந்தது நானா? ஊசியைப் போட்டுக்கிட்டுக் கஞ்சியை விட்டுட்டு ஓடுனிய, விழுந்து கெடப்பியளோன்னு நான் தலைவிரி கோலமா ஓடி வந்தேன். அங்க இருந்துக்கிட்டு, வீட்டில நித்தம் தெவசம்னு சொல்லிச் சிரிச்சிய. சொல்லுங்க. இப்பமாவது சொல்லுங்க. நான் சொன்னதுல ஒரு சொல்லு பொய்யா?"

பொன்னுலிங்கம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். "நாக்கு கேக்கல்ல டாக்டரே" என்றான். "தெனமும் தின்னேன். இவ ஒரு கல்லு போடல்ல. நானாக்கும் தின்னேன்."

இப்போது என்ன நடந்திருக்க வேண்டும்? டாக்டர் எழுந்து அவனை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தப்புப் பண்ணிட்டோம் மக்களே என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். என்ன நடந்தது தெரியுமா? இசக்கியம்மாள் ஓடிப்போய் மகன் தலையை மாரோடு சேர்த்துக்கொண்டாள். "எம் மக்கா, எவ்வளவு ஏங்கிப்போய்ட்டலே" என்றாள். நாராயணபெருமாள், "சின்னப் பிராயம்லா, வாயைக் கட்டுகது லேசா?" என்றார். ஊரையே அலறவைக்கிற டாக்டர் ஞானதாசன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, "சரி, சரி, அழாதயும்வே. மனுஷன்தான. ஆசை யாரை விட்டது?" என்றார்.

வெஷம் வைக்கிறவள், கொல்லப் பார்க்கிறவள், துப்பில்லாதவள், சவம்: இதெல்லாம் அவளுக்கு. மனுஷன்தானே என்ற ஒன்று மட்டும் அவனுக்கு. தாணம்மாள் டாக்டருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அவிய மனுஷன், சரி. அப்ப நான் ஆரு டாக்டரே? நான் உப்பு போட்டேன்னு நெனச்சப்போ கொலைகாரின்னு சொன்னிய. அவிய தின்னாவன்னு தெரிஞ்சதும் முதுகைத் தடவுகிய. கொதிப்பு ஒண்ணுதான? கண்ணு ஒண்ணுதான? அதுக்கு எனக்கொரு நியாயம், அவியளுக்கு ஒரு நியாயமா? அவியளுக்கு உள்ளது நாக்கு, எனக்கு வாயில கெடக்கது என்ன, செருப்புத் தோலா? நானும் அதே உப்பில்லாக் கறியைத்தான் தின்னுகேன். எவளாவது, எவனாவது, ஏன் பிள்ளே இப்பிடி மெலிஞ்சுபோனன்னு கேட்டியளா? பெரியப்பா, நீங்க கேட்டியளா? உங்க தம்பிக்க மகதான நான்?"

நாராயணபெருமாள் கூரையைப் பார்த்தார். டாக்டர் மேசை மேலிருந்த ரப்பர் பட்டையை எடுத்துச் சுருட்டினார். அவருக்குக் கொஞ்சம் உறைத்தது போலிருந்தது. "நீ சொல்லுகது சரிதாம்மா" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு பொன்னுலிங்கத்தைப் பார்த்து, "ஓய், நல்லாக் கேளும். சந்தைப் பக்கம் போகப்பிடாது. ரெண்டு மாசம் படுக்கையில கெடக்கணும். உப்பு தொட்டீரு, கண்ணு போச்சு. உமக்காக்கும் சொல்லுகேன்" என்றார். முதல் தடவையாக அவனுக்குச் சொன்னார்.

"அப்ப ஏவாரத்தை ஆரு பாப்பா?" என்றாள் இசக்கியம்மாள்.

"நான் பாக்கேன்" என்றாள் தாணம்மாள். "பூவுக்குள்ள பொறந்தவதான நானும். நான் சந்தைக்குப் போறேன். உங்க மவனுக்கு இனி நீங்க ஆக்கிப் போடுங்க அத்தை."

"நானா?"

"நீங்கதான். உங்க கையால. அப்பமாவது நான் செஞ்சது என்னன்னு உங்களுக்கு வெளங்கும். ஒரு கல்லு உப்பு விழுந்தா, அடுத்த மாசம் டாக்டர் உங்களைக் கேப்பாரு. நானும் கூட நின்னு கேப்பேன்."

மறுநாள் விடிந்ததும் தாணம்மாள் தகரப்பெட்டியைத் திறந்து உப்பு மரவையை எடுத்து அடுக்களையில் பழைய இடத்திலேயே வைத்தாள். பூட்டு வேண்டாம். காவலும் வேண்டாம். பொன்னுலிங்கம் ஊசியைத் தானே போட்டுக்கொண்டான். அவள் மருந்தின் அளவு சரியா என்று மட்டும் பார்த்தாள், தொடவில்லை. வியாபாரத்துக்கு வேண்டிய தராசையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

அடுப்பில் புளிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. இசக்கியம்மாள் கரண்டியை வைத்துக்கொண்டு சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கை தன்னால் உப்பு மரவைக்குப் போயிற்று. உள்ளே விட்டு எடுத்தாள். மூடின கையைச் சட்டிக்கு மேலே கொண்டுபோனாள். அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை இழுத்து மரவைக்குள்ளேயே கொட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, பெத்த பிள்ளைக்கு இதை எப்பிடிட்டி வைப்பேன்? நீ எப்பிடிட்டி இத்தனை மாசம் வச்ச?"

"அழுதுக்கிட்டாக்கும் வச்சேன், அத்தை" என்றாள் தாணம்மாள். "கூட்டம் கூட்டி நடுவுல நிறுத்துனியளே, அன்னைக்கு இதைக் கேட்டிருக்கலாம்."

முற்றத்தைத் தாண்டி நடந்தாள். படலைத் திறக்கும்போது உள்ளே இலை போடுகிற சத்தமும், உப்பில்லாமல் இறங்கவில்லை என்று பொன்னுலிங்கம் முனகுவதும் கேட்டது. அதற்கு மேல் பெற்றவள் பேசவிடவில்லை.

"தின்னுலே!" என்று இசக்கியம்மாள் வீடு அதிரக் கத்தினாள். "மிச்சம் வச்சேன்னா கொன்னுபோடுவேன். தின்னுலே!"